கடலூரை மட்டும் ஏன் புயலும் வெள்ளமும் இப்படி விடாமல் தாக்குகின்றன?

ஊர் அமைந்திருக்கும் இடம்தான் முதல் காரணம். கிழக்கே வங்கக் கடல். மேற்கிலிருந்து தென்பெண்ணையும் கெடிலமும் வந்து இங்கேதான் கடலில் சேர்கின்றன. புயல் நேரத்தில் கடல் பொங்கி நின்றால் ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஊருக்குள் ஏறிவிடும்.

2004 சுனாமியைச் சொல்லவே வேண்டாம், தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்கள் சிதைந்தன. ஆனால் உள்ளூர் விவசாயிகளைக் கேட்டால் முதலில் ‘தானே’ என்ற புயலைத்தான் சொல்வார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா காலத்துப் பலாமரங்களும் தப்பவில்லை. நெல் போனால் அடுத்த போகம் உண்டு, பலா போனால் மறுபடி காய்க்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த இழப்பை எந்த நிவாரணத் தொகையும் ஈடுகட்டாது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் 2015 நவம்பர் பெருமழை, விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் ஓடை உடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் பாய்ந்தது. 2024 ஃபெஞ்சல் புயலின்போதோ மேற்கேயும் மழை கொட்டியது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணை திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரை மூழ்கடித்தது. அதனால் இங்கே குடியிருப்பவர்கள் உள்ளூர் வானத்தோடு திருவண்ணாமலைப் பக்கத்து மழையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.