நாய் எச்சில் மருந்தா? கோன் வாங்க வேண்டுமா?

எங்கள் நாயின் முன்காலை வேலிக்கம்பி கிழித்துவிட்டது. ஓயாமல் நக்குகிறது. "அதன் எச்சிலே மருந்து, நக்கவிடாமல் கழுத்தில் மாட்டும் கோனுக்கு எதற்குக் காசு?" என்கிறார் மாமனார்.

மாமனார் சொல்வதில் பாதி சரி. நாய் எச்சில் சில பாக்டீரியாக்களை ஓரளவு கொல்வதை 1990இல் கலிபோர்னியாவில் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் அதே வாயில் பாஸ்சுரெல்லா மாதிரி கிருமிகளும் குடியிருக்கின்றன. சொரசொரப்பான நாக்கு, ஆறிவரும் தோலை உரித்துவிடும். நக்குவதே பழக்கமாகி, முன்காலில் ஆறாத தடித்த புண் நிலைத்துவிடுவதும் உண்டு. டாக்டரிடம் காயத்தைக் காட்டிவிட்டு, சாதாரண பிளாஸ்டிக் கோன் வாங்குங்கள். விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நிற்க வேண்டும். கோனுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

ஆன்லைனில் வாங்கிய காற்றடைத்த கழுத்து வளையம் முதல் நாளே காற்று இறங்கிவிட்டது. "நாய்ப் பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்பவர்.

பாவம், நீங்களுமா! என் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் ஆனபோது நானும் அதைத்தான் வாங்கினேன், 850 ரூபாய். அதைத் தலையணையாக வைத்துச் சுகமாகத் தூங்கியது. எழுந்ததும் உடம்பை வளைத்து அடிவயிற்றுத் தையலை நிதானமாக நக்கியது. மறுதையலுக்குத் தனிச் செலவு.

என் வளையம் ஓட்டையில்லை, என் புத்தியில்தான் ஓட்டை. உங்களுடையது அப்படியில்லை. குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 'நாய்ப் பொருள்' என்ற சாக்கு அங்கே எடுபடாது. காற்று இறங்கியதை வீடியோ எடுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

எனக்கு வாங்கிய மூட்டுவலி ஜெல்லை நாயின் புண்ணில் தடவினேன். நக்கிவிட்டு வாந்தி எடுக்கிறது. மருந்துக்கடைக்காரர் மீது புகார் செய்யலாமா?

நாய்க்கு என்று சொல்லியா வாங்கினீர்கள்? டியூபை எடுத்துக்கொண்டு இப்போதே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மூட்டுவலி ஜெல்களில் பெரும்பாலும் இருக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குழந்தைகளுக்குப் பூசும் ஜிங்க் ஆக்சைடு களிம்பும் நாய் நக்கினால் ஆபத்துதான்.

'மூலிகை ஸ்பிரே, நக்கினாலும் ஆபத்தில்லை' என்று ஒன்று 600 ரூபாய்க்கு வருகிறதே?

என்னென்ன மூலிகை என்று பாட்டிலில் இருக்கிறதா? தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை? இல்லையென்றால் தொடாதீர்கள். டீ ட்ரீ எண்ணெயும் மூலிகைதான், நாய்க்கு அது விஷம்.

தெருநாய் ஒன்று என் முழங்கால் சிராய்ப்பை நக்கிவிட்டது. என்ன ஆயின்மென்ட் வாங்கட்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிக்கவில்லையே என்று இருந்துவிடாமல் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் ஊசி அங்கே இலவசம்.