வீட்டுச் சத்தத்தை அமுக்க இயர்போன் சத்தத்தைக் கூட்டலாமா?

கேள்வி: வயது 31. பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறேன். அடுக்களையில் மிக்ஸி, குக்கர். பட்டாசலில் மாமியார் பார்க்கும் டி.வி. எதுவும் கேட்காதபடி இயர்போனில் சத்தத்தைக் கூட்டி தினமும் 8 மணி நேரம் மாட்டியிருக்கிறேன். இரண்டு மாதமாகப் பொழுதடைந்தால் இரண்டு காதிலும் 'ங்ஙொய்' என்று இரைகிறது. வலது காதில் அரிப்பும் உண்டு. தேங்காய் எண்ணெய் காய்ச்சி விடலாமா?

பதில்: எண்ணெய் வேண்டவே வேண்டாம். ரப்பர் முனை நாள் முழுக்க அடைத்திருந்தால் காதுக்குள் வேர்வை தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உங்கள் அரிப்புக்கு அது காரணமாக இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு பூஞ்சைக்குத் தோதாகிவிடும். கொண்டை ஊசி, பட்ஸ் எதையும் உள்ளே விடாதீர்கள். காது டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்யும்வரை, காதுக்கு மேல் கவிழும் ஹெட்போன் போதும்.

காது இரைச்சலுக்கு மிக்ஸியைக் குற்றம் சொல்ல முடியாது. அது ஓடுவது சில நிமிடம். அதை அமுக்க நீங்கள் கூட்டிய சத்தம்தான் நாள் முழுக்கக் காதில் விழுகிறது. வாரத்துக்கு 80 டெசிபலில் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 86 டெசிபலில் 10 மணி நேரம்தான். அந்தச் சத்தத்தில் தினமும் 8 மணி நேரம் கேட்டால், செவ்வாய் காலையிலேயே உங்கள் வாரக் கணக்கு தீர்ந்துவிடும். சத்தத்தை உணரும் உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. வைத்த சத்தத்தை மாற்றாமல் ஹெட்போனைக் கழற்றி, கையை நீட்டிப் பிடியுங்கள். அப்போதும் பேச்சு புரிந்தால் அது அதிகம்.

வீட்டுச் சத்தம் குறைந்தால் நீங்கள் வைக்கும் சத்தமும் தானாகக் குறையும். காற்று புகும் இடமெல்லாம் சத்தமும் புகும். ஆகவே முதலில் கதவின் அடி இடுக்கில் பழைய வேட்டியை இறுக்கிச் சுருட்டி வையுங்கள். டைல்ஸ் தரையும் காங்கிரீட் கூரையும் எதிரொலிக்கும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தலாம். பத்தமடைப் பாய் மெல்லியது, இதற்கு உதவாது. மிக்ஸியைச் சுவரிலிருந்து தள்ளி, கால்களுக்கடியில் மட்டும் தடித்த ரப்பர் துண்டுகள் கொடுங்கள். துவாலையை மடித்து வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டு மோட்டார் சூடாகும்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஃபேன், ஏ.சி. போன்ற சீரான இரைச்சலை நன்றாகக் குறைக்கும், டி.வி. பேச்சையும் குக்கர் விசிலையும் அவ்வளவாகக் குறைக்காது. மீட்டிங் ஆப்பில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதி எதிர்முனைக்காரருக்குத்தான் பயன்படும். கோவில் கொடை (திருவிழா) நாளில் குழாய் ஒலிபெருக்கியோடு போட்டி போடாமல், வேறு வீட்டில் உட்கார்ந்து வேலை பாருங்கள்.

மாமியார் டி.வி.யை அவ்வளவு சத்தமாக வைப்பதே ஓர் அறிகுறியாக இருக்கலாம். உங்கள் ஊர் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அத்தையையும் அழைத்துப் போய் இரண்டு பேரும் ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். அதுவரை டி.வி. ஸ்பீக்கர் அவர் நாற்காலிப் பக்கமே இருக்கட்டும்.

மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் காதைத் திறந்து விடுங்கள். ராத்திரி முழு நிசப்தத்தில் காது இரைச்சல் பெரிதாகத் தெரியும், ஃபேன் ஓடட்டும்.

ஒரு காது திடீரென்று மந்தமானாலோ, இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலை சுற்றினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். திடீர்ச் செவிட்டுக்கு முதல் சில நாளில் தரும் மருந்துதான் நன்றாக வேலை செய்யும்.