டிரெய்லர் வீட்டில் அலமாரி

கேள்வி: காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டுக்கு நானே ஒரு அலமாரி செய்து மாட்டினேன். முதல் பயணத்திலேயே ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு விழுந்துவிட்டது. எங்கே தப்பு?

பதில்: தப்பு அலமாரியில் இல்லை, மாட்டிய இடத்தில். டிரெய்லரின் உள்சுவர் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அளவு மெல்லிய பலகைதான், பின்னால் சட்டம் ஓடும் இடம் தவிர வேறெங்கும் ஸ்க்ரூ பிடிக்கவே பிடிக்காது. விரலால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் கெட்டியாக மாறும் இடத்தில் சட்டம் இருக்கும். முதலில் அங்கே ஒரு நீளமான மரத்துண்டை ஸ்க்ரூவால் முடுக்கி, அதன்மேல் அலமாரியை மாட்டுங்கள். ஸ்க்ரூ நீளத்தை அளந்து வாங்குங்கள், வெளித்தகட்டைத் துளைத்துவிட்டால் மழைத்தண்ணீர் இறங்கி சட்டமே உளுத்துப்போகும். ஒயர் ஓடும் பாதையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும், 18 வீண் எடை. தட்டின் முன்விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்குத் தடுப்புப் பட்டை வையுங்கள். கதவுக்குக் காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், குலுங்கினால் திறந்துகொள்ளும், தாழ்ப்பாள்தான் சரி.

அப்புறம், கனமான சாமான் எல்லாம் தரையோடு, சக்கர அச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னால் இருக்கட்டும். பின்பக்கம் எடை ஏறினால் ஓட்டத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும், அது உயிருக்கே ஆபத்து.