தொண்டமான் என்ற பெயர் – கடிதமும் பதிலும்

அண்ணாவுக்கு வணக்கம். மகனின் விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றுவிட்டேன். நமக்கு அப்படி ஒன்று இல்லையே, மலையக அரசியலில் தொண்டமான் என்பது மட்டும் எப்படித் தலைமுறை தலைமுறையாக வருகிறது? யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறும் அந்தக் குடும்பத்தின் பெயர்தானா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள தங்கச்சி,

சொல் ஒன்றுதான், குடும்பம் வேறு. தொண்டைமான் என்பது முதலில் பட்டம். அதியமானுக்காக ஔவையார் தூது போனது ஒரு தொண்டைமானிடம்தான். உன் வேல்கள் நெய் பூசி மாலை சூட்டி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்று அவர் சொல்லும் அந்தப் பாட்டு (புறநானூறு 95) எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காது. பிறகு கலிங்கத்தை வென்ற சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான். தொண்டைமானாற்றை அவனோடு சேர்த்துத்தான் வடக்கில் கதை சொல்வார்கள். புதுக்கோட்டையை 1948 வரை ஆண்டவர்களும் தொண்டைமான்களே.

நம் மலையகத்துக்கு வந்த கதை வேறு. 1913இல் தமிழ்நாட்டில் முனப்புதூரில் பிறந்த சௌமியமூர்த்தி, சின்னப் பையனாக இறம்பொடைப் பக்கம் வேவண்டன் தோட்டத்தில் இருந்த அப்பா கருப்பையாவிடம் வந்தார். 1947இல் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் போனார், அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து நம் சனங்களை நாடற்றவர்களாக்கியது, 1978இல் அமைச்சரானார். பேரன் ஆறுமுகன், அவர் மகன் ஜீவன் என்று அந்தப் பெயர் அரசியலில் தொடர, நோர்வூட் மைதானத்துக்கும் அதையே வைத்தார்கள்.

நமக்கு அப்பா பெயர்தான் முன்னால். அதில் குறை ஒன்றுமில்லை, ஆனால் எழுத்து மாறினால்தான் ஆபத்து. என் அப்பத்தா செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) மீனாச்சி, அடையாள அட்டையில் மீனாட்சியம்மா. அவர் செத்த பிறகு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டி சேமலாப நிதிப் பணத்தை எடுக்க அப்பா சத்தியக் கடதாசியோடு எட்டு மாதம் அலைந்தார், பேர் போட்ட நாள் (வேலைக்குப் பேர் பதிந்த நாள்) எல்லாம் போச்சு என்று லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் புதிதாக ஒரு பெயரைத் தேடாதீர்கள். கட்டத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயரையே எழுதுங்கள். அவருடைய அடையாள அட்டையையும் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் வேறு வேறாக இருந்தால் அதை முதலில் திருத்துங்கள், விண்ணப்பம் அப்புறம்.