கடல் இடப்பக்கம் இருக்கட்டும்
பயணம்: வாசகர் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஊரைப் பற்றியவை: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் பல காட்சிகள் எடுக்கப்பட்ட வட அயர்லாந்துக் கடற்கரை. ஆகவே அவற்றை மட்டும் இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

மகள் பெல்ஃபாஸ்ட்டில் நர்ஸ். மே மாதம் போகிறோம். மாப்பிள்ளை கார் ஓட்டுவார். மூன்று நாளில் அந்தத் தொடர் எடுத்த கடலோர இடங்களைப் பார்த்துவிட முடியுமா?
*வாசகி, காவேரிப்பட்டணம்*

முடியும். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டெரி வரை கடலோரச் சாலை சுமார் 200 கி.மீ.தான், கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போவதைவிடக் குறைவு. ஆனால் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். வளைவு, கிராமம், முன்னால் போகும் டிராக்டர், இடத்துக்கு இடம் பார்க்கிங் என்று மணிக்கு 40 கி.மீ. சராசரி கிடைத்தாலே பெரிது.

வழிகாட்டிகள் பெரும்பாலும் பெல்ஃபாஸ்ட்டில் கிளம்பி நேராக வடக்கே கடலோரமாகப் போகச் சொல்லும். நாங்கள் தலைகீழாகப் போகச் சொல்வோம். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வடக்கே போனால் கடல் வலப்பக்கம், எதிர்வண்டிகள் வரும் பாதைக்கு அப்பால் இருக்கும். நல்ல காட்சி தெரிந்து நிறுத்த நினைத்தால் எதிர்ப்பாதையைக் குறுக்கே வெட்டித்தான் ஒதுங்க வேண்டும். முதல் நாள் காலையிலேயே உள்நாட்டு வழியில் மேற்கு முனைக்குப் போய்விட்டு, அங்கிருந்து கடலோரமாகத் திரும்பினால் வழிநெடுக கடல் உங்கள் இடப்பக்கம். சும்மா ஒதுக்கி நிறுத்தலாம்.

முதல் நாள்: எம்2, பிறகு ஏ26 வழியாகக் கோல்ரெய்ன், அங்கிருந்து டவுன்ஹில். மொத்தம் சுமார் 100 கி.மீ., ஒன்றரை மணி நேரம். இரண்டாம் சீசன் தொடக்கத்தில் மெலிசாண்ட்ரே சிலைகளை எரிப்பது இந்தக் கடற்கரையில்தான். தொடரில் இது டிராகன்ஸ்டோன். மேலே பாறை விளிம்பில் நிற்கும் வட்டக் கட்டடம் முசெண்டன் டெம்பிள், 1785இல் கட்டியது. பெயர்தான் கோயில், கட்டியது நூலகமாக. கடற்கரைக்கு ஒரு நுழைவு, மேலே கட்டடத்துக்கு வேறு நுழைவு. கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறத் தேடுபவர்கள் நிறையப் பேர். கட்டட வளாகத்துக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. முதலில் அதை முடியுங்கள். அடுத்தது போர்ட்ஸ்டூவர்ட் மணற்பரப்பு, ஐந்தாம் சீசனில் ஜெய்மியும் ப்ரோனும் வந்திறங்கும் டோர்ன். வரைபடத்தில் ஆற்று வாய்க்கு அந்தப் பக்கம்தானே என்று தோன்றும். ஆனால் பான் ஆற்றைக் கடக்கக் கோல்ரெய்ன் பாலத்துக்கே திரும்பி வர வேண்டும். இரவு போர்ட்ரஷ் அல்லது புஷ்மில்ஸில் தங்குங்கள்.

இரண்டாம் நாள்தான் முக்கியம். டன்லூஸ் கோட்டை, ஜயண்ட்ஸ் காஸ்வே இரண்டும் இன்றைக்குத்தான். காஸ்வேயில் இந்தத் தொடரை எடுக்கவில்லை. ஆனால் சுமார் 40,000 எரிமலைக் கல்தூண்கள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு வர மனம் வராது. அது 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 12 கி.மீ. பாலின்டாய் துறைமுகம். தியான் கிரேஜாய் ஊர் திரும்பும் பைக் தீவு. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். திரையில் கண்ட கல்சுவரும் கறுத்த பாறைகளும் அப்படியே நிற்கின்றன. துறைமுகத்துக்கு இறங்கும் சாலை குறுகல், செங்குத்து, கீழே நிறுத்த இடம் கொஞ்சம்தான். காலை 10 மணிக்கு முன்னால் போகாவிட்டால் இறங்கி, இடமில்லாமல், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டுப் பின்னாலேயே ஏற வேண்டியிருக்கும். ஆகவே பாலின்டாயை முதலில் முடித்துவிட்டு, காஸ்வேயைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். கொஞ்சம் முன்பின் ஓட்டம்தான், பரவாயில்லை.

பாலின்டாயிலிருந்து இரண்டு கி.மீ.யில் லாரிபேன் கல்குவாரி. ரென்லியின் முகாம், பிரியன் போட்டியில் ஜெயிக்கும் இடம். பக்கத்திலேயே கேரிக்-எ-ரீட் தொங்குபாலம். அதற்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுக்க வேண்டும். காற்று பலமானால் மூடிவிடுவார்கள். டார்க் ஹெட்ஜஸ் மரச்சாலைக்கு மாலை 6 மணிக்கு மேல் போங்கள். சுற்றுலா பஸ்கள் அதற்குள் கிளம்பியிருக்கும், மே மாதத்தில் 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். இரவு பாலிகாஸில்.

மூன்றாம் நாள் குஷென்டன் குகைகள் (மெலிசாண்ட்ரே நிழலைப் பெற்றெடுக்கும் காட்சி), பிறகு கார்ன்லோ துறைமுகப் படிக்கட்டு (ஆறாம் சீசனில் குத்துப்பட்ட ஆர்யா தண்ணீரிலிருந்து ஏறி வருவது), லார்ன், பெல்ஃபாஸ்ட். லார்ன் வரையிலான ஆன்ட்ரிம் கடலோரச் சாலை, பொறியாளர் வில்லியம் பால்ட் மேற்பார்வையில் 1830களில் பாறையடிவாரத்தில் வெட்டிப் போட்டது. சில இடங்களில் தடுப்புச்சுவருக்கு அந்தப் பக்கம் நேரே கடல்.

இந்திய லைசென்ஸை வைத்து அங்கே வாடகைக் கார் ஓட்டலாமா? இன்டர்நேஷனல் பர்மிட் கட்டாயமா?
*வாசகர், ஓசூர்*

வருகையாளராகப் போனால் செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸில் 12 மாதம் வரை ஓட்டலாம். சிக்கல் சட்டத்தில் இல்லை, வாடகை நிறுவனத்தின் கவுன்ட்டரில்தான். பழைய புத்தக லைசென்ஸ், அழிந்துபோன அட்டை, லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகாதது, இவற்றுக்கு வண்டி தராமல் போகலாம். அதனால் பர்மிட் எடுத்துக்கொள்வது நல்லது. பரிவாகன் இணையதளத்தில் படிவம் 4ஏ, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழியாக. ஒரு வருடம் செல்லும். பர்மிட் இருந்தாலும் அசல் லைசென்ஸும் கையில் வேண்டும்.

அடுத்தது முன்பணம். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டையும், மனைவி பெயரிலுள்ள கார்டையும் பல இடங்களில் ஏற்பதில்லை. கியர் வண்டி மலிவு. நமக்கு அது பழக்கமும்கூட. டயர், கண்ணாடி, அடிப்பாகச் சேதம் சாதாரண இன்ஷூரன்ஸில் வராமல் இருக்கலாம், கேளுங்கள். போர்ட்ஸ்டூவர்ட், டவுன்ஹில் மணலில் காரை இறக்க அனுமதி உண்டு. வாடகைக் காரை இறக்காதீர்கள். மேட்டுப்பக்க உலர்மணலில் சக்கரம் புதைந்தால் இழுக்கும் செலவு உங்களுடையது. கடற்கரையில் ஓட்டியதை ஒப்பந்த மீறலாகக் கருதும் நிறுவனங்களும் உண்டு.

வேகப் பலகைகள் மைலில் இருக்கும். ஊருக்குள் 30 என்றால் 48 கி.மீ., வெளிச்சாலையில் 60 என்றால் 96. எல்லை தாண்டி அயர்லாந்துக் குடியரசுக்குள் போனதும் பலகைகள் கிலோமீட்டருக்கு மாறிவிடும். பெட்ரோல் குழாய் பச்சை, டீசல் கறுப்பு. நீங்களேதான் பிடித்துவிட்டு உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். மாற்றிப் பிடித்துவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். கார் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

பாலிகாஸில் - குஷென்டன் இடையே டார் ரோடு என்று ஒன்று இருக்கிறது. அழகு அதுதான், ஆனால் ஒற்றைத் தடம். எதிர்வண்டி வந்தால் ஒதுங்கும் இடம் வரை யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். இறக்கத்தில் தொப்பூர்க் கணவாய் விதிதான்: பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல் இரண்டாம் கியரில் விடுங்கள். மழை, மூடுபனி, இருட்டு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஏ2 சாலையிலேயே போய்விடுங்கள்.

டப்ளினுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. அங்கே இறங்கி பெல்ஃபாஸ்ட் போனால் என்ன?
*வாசகர், தர்மபுரி*

சாலையில் ஒன்றும் இல்லை. சுமார் 165 கி.மீ., இரண்டு மணி நேரம். விசாவில்தான் எல்லாம். டப்ளின் ஒரு நாடு (அயர்லாந்துக் குடியரசு), பெல்ஃபாஸ்ட் வேறு நாடு (பிரிட்டன்). இடையில் செக்போஸ்ட் கிடையாது. அதைப் பார்த்து விசா தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தியக் குடிமக்களுக்கு பிஐவிஎஸ் என்ற ஏற்பாடு உண்டு. அந்தக் குறிப்புள்ள குறுகிய கால வருகை விசா ஒன்று இருந்தால் இரு நாட்டுக்கும் போகலாம். ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். பிரிட்டன் விசா வாங்கிவிட்டு டப்ளினில் இறங்கினால் திருப்பி அனுப்பப்படலாம். விசா வந்ததும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு நாட்டுக்கு மட்டும்தான்.

இன்னொன்று: பெல்ஃபாஸ்ட்டில் வேலை விசாவில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. உங்களை அழைத்துப்போக அவர் டப்ளின் வருவதற்கே அயர்லாந்து விசா வேண்டும்.

டப்ளினில் கார் எடுத்தால் எல்லை தாண்டுவதை முன்பே சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனிக் கட்டணம் இருக்கலாம். சொல்லாமல் போய் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும். இந்த வழியில் ஒரு லாபம் உண்டு. தொடரின் அசல் செட்டுகளை வைத்திருக்கும் ஸ்டூடியோ, 2022இல் திறந்தது, பான்பிரிட்ஜில் இதே சாலையோரம்தான் இருக்கிறது. அரை நாள் ஒதுக்குங்கள்.

இணையத்தில் இருபது முப்பது இடங்கள் சொல்கிறார்கள். எவற்றை விட்டுவிடலாம்?
*கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி*

தயங்காமல் பாதியை விடுங்கள். முக்கியமாக 'பனிச்சுவர்'. சுவரடிக் கோட்டையான காஸில் பிளாக் செட் போட்டது மாகரமோர்ன் கல்குவாரியில். அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, சாலையிலிருந்தும் ஒன்றும் தெரியாது. டன்லூஸ் கோட்டை அழகானதுதான், ஆனால் தொடரில் அதன் உருவத்தைக் கணினியில் மாற்றிப் பைக் கோட்டையாக்கினார்கள். நடிகர்கள் நின்ற இடத்தைத் தேடி அங்கே போகாதீர்கள். பல இடங்களில் இன்று இருப்பது வெறும் புல்வெளியும் ஒரு தகவல் பலகையும். போவதற்கு முன் அந்தக் காட்சியை ஃபோனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கோணத்தைப் பிடிக்க அது ஒன்றே வழி. சில மலை மடிப்புகளில் சிக்னலும் கிடைக்காது.

டார்க் ஹெட்ஜஸ் ஏமாற்றும் என்று பலர் சொல்கிறார்கள், ஓரளவு நியாயம். 1775 வாக்கில் நட்ட பீச் மரங்கள். வயது முடிந்து ஒவ்வொன்றாகப் போகின்றன. 2016 ஜனவரிப் புயலில் விழுந்த மரங்களில் தொடரின் காட்சிகளைச் செதுக்கிச் செய்த பத்துக் கதவுகள்தான் ஊர் ஊராக பப்களில் இருப்பவை. 2023 நவம்பரில் பாதுகாப்புக்காக ஆறு மரங்களை வெட்டினார்கள். ஆகவே திரையில் ஆர்யா போன அடர்த்தி இப்போது இல்லை. 2017 அக்டோபரிலிருந்து அந்தச் சாலையில் வண்டிக்கும் தடை. பக்கத்து ஹோட்டல் பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடங்கள்.

விண்டர்ஃபெல் வேண்டும் என்றால் காஸில் வார்ட், ஓநாய்க்குட்டிகள் கிடைக்கும் காடு வேண்டும் என்றால் டாலிமோர். இரண்டும் பெல்ஃபாஸ்ட்டுக்குத் தெற்கே. அதற்கு இன்னொரு நாள். இந்த மூன்று நாளுக்குள் திணிக்காதீர்கள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தனியாகப் போக வழி உண்டா?
*வாசகி, பாலக்கோடு*

பெல்ஃபாஸ்ட்டிலிருந்து ஒரு நாள் பஸ் சுற்றுலாக்கள் நிறைய. அவசரப்படுத்துவார்கள் என்றால், ரயிலில் கோல்ரெய்ன் போய்த் தங்குங்கள். அங்கிருந்து 402 எண் பஸ் புஷ்மில்ஸ், காஸ்வே, பாலின்டாய் வழியாகப் பாலிகாஸில் போகும். டெரி ரயிலில் காஸில்ராக் இறங்கினால் டவுன்ஹில் நடை தூரம். குஷென்டன் மட்டும் கார் இல்லாமல் சிரமம்.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போகலாம்? மாம்பழம் கொண்டுபோகலாமா?
*வாசகர், ஊத்தங்கரை*

டப்ளினில் இறங்குவதானால் சான்றிதழ் இல்லாத மாம்பழம் கூடாது. நம் மாவட்டத்து ஆலைகளில் டின்னில் அடைத்த கூழ் பரவாயில்லை. நெய், பால்கோவா, இறைச்சி வகைகள் எதுவும் வேண்டாம், கருவாடு மட்டும் பரவாயில்லை. பால், இறைச்சிப் பொருளுக்குத் தடை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாக. சைவக்காரர்கள் ஒன்று கவனியுங்கள்: அங்கே சில கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். கடலோரக் கிராமங்களில் இரவு 8, 9 மணிக்கே சமையல் முடிந்துவிடும்.

அப்பாவுக்கு 72 வயது, மூட்டு வலி. எந்தெந்த இடம் அவருக்குச் சரிப்படும்?
*வாசகர், பென்னாகரம்*

கார்ன்லோ துறைமுகம் சமதளம், படிக்கட்டை மேலிருந்தே பார்க்கலாம். குஷென்டன் குகைக்கு வண்டி நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். கடைசியில் கூழாங்கல், கைத்தடி வேண்டும். பாலின்டாயில் கீழே வரை கார் போகும் என்பதால் காலையிலேயே போனால் அவருக்கும் சுலபம். காஸ்வேயில் கீழே இறங்க மினிபஸ் உண்டு, கல்தூண்கள் மேல் மட்டும் ஏற வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். தொங்குபாலமும் லாரிபேன் விளிம்பும் அவருக்கு வேண்டாம். குடை எடுக்காதீர்கள், அந்தக் காற்றில் முதல் நாளே திரும்பிவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டும், அடிப்பாகம் பிடிப்புள்ள ஷூவும் போதும்.