ஆறு சூரியன்களும் ஒரு கம்பெனியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் 1977 இறுதியில் ஒளிபரப்பான 'தி சன் மேக்கர்ஸ்' கதையை நண்பர்களோடு பார்த்தேன். புளூட்டோவில் ஆறு செயற்கைச் சூரியன்களின் கீழ் மனிதர்களைக் குடியேற்றி, சாவுக்கும் வரி பிடுங்கும் ஒரு கம்பெனி. அதை வீழ்த்துகிறார் தொடரின் நாயகனான டாக்டர். வருமான வரித் துறையோடு ஏற்பட்ட எரிச்சலில் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய கதை இது என்கிறார்கள். அப்படியானால் வரி கட்டப் பிடிக்காதவரின் வலதுசாரிப் புலம்பல்தானே? இதில் முதலாளித்துவ எதிர்ப்பைக் காண்பவர்கள் இல்லாததை ஏற்றிச் சொல்கிறார்களா? குழந்தைகளுக்கான தொடர் ஒன்றில் இவ்வளவு தேட வேண்டுமா? அட்டை அரங்குகளையும் பேசும் தகர நாயையும் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. அடுத்து இதே தொடரின் 'தி ஹாப்பினஸ் பேட்ரோல்' பார்க்க இருக்கிறோம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு நையாண்டிக் கதை தன் இலக்கு மறைந்த பிறகும் எதனால் உயிரோடு இருக்கிறது என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து சேர்ந்தது.

அரங்கு அட்டைதான், நாய் தகரம்தான். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 'குழந்தைகளுக்கான தொடர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படி விட்டுவிட முடியாது. கதையின் தொடக்கத்தை மறந்துவிட்டீர்களா? கோர்டோ என்ற தொழிலாளி, இறந்துபோன தந்தைக்கான சாவு வரியைக் கட்ட வந்து நிற்கிறான். அவன் சேர்த்து வைத்த தொகை போதவில்லை, வரி உயர்ந்துவிட்டது. தூங்கும் சொற்ப நேரம் போக மீதி நேரமெல்லாம் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று கெஞ்சுகிறான். தூக்கம் வராமலிருக்க மாத்திரை சாப்பிடலாமே என்கிறார் வரி அதிகாரி ஹேட். அந்த மாத்திரைக்கும் வரி உண்டு. இவ்வளவுக்கும் நடுவில் கம்பெனியைத் துதிக்கவும் வேண்டும். அடுத்ததாக அவன் மொட்டைமாடிக்குப் போகிறான், குதிப்பதற்கு. சனிக்கிழமை மாலை குடும்பம் கூடியிருக்கும் நேரத்தில் இப்படியொரு காட்சியை வைத்தவர், குழந்தைகளின் அறிவை உங்களைவிட அதிகமாக மதித்திருக்கிறார்.

மறைபொருள் என்று உங்கள் நண்பர்கள் கண்டுபிடித்தவற்றைப் பெருமையாகப் பட்டியலிட்டிருக்கக்கூடும். புளூட்டோவில் கம்பெனியை நடத்தும் வில்லனான கலெக்டரின் அடர்ந்த புருவங்கள் அன்றைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் டெனிஸ் ஹீலியின் புருவங்களை நினைவூட்டுகின்றன. ஒரு நடைபாதைக்கு 'பி 45' என்று பெயர். பிரிட்டனில் வேலையை விட்டுப் போகிறவருக்கு வரிக் கணக்குக்காகக் கொடுக்கப்படும் படிவத்தின் எண் அது. அந்த ஆண்டுகளில் உழைத்துச் சம்பாதித்த வருமானத்தின் உச்சப் படிநிலைக்கு வரி 83 சதவீதம், முதலீட்டில் வந்ததற்கு 98 சதவீதம் வரை. இவை எல்லாம் உண்மை, பார்த்தவுடன் சிரிக்கவும் வைக்கும். ஆனால் இவற்றில் மறைந்திருப்பது என்ன? கதை தானே கைநீட்டிக் காட்டுகிறவற்றைப் பார்த்துவிட்டு, கதையைப் படித்துவிட்டதாக நினைப்பதுதான் நம் பழக்கமாகிவிட்டது. இந்தப் பாத்திரம் இன்னார் என்று தெரிந்த நிமிடத்தில் பலரும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஹீலி பதவியை விட்டுப் போனது 1979-இல். புருவம்தான் பொருள் என்றால் கதையும் அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. வரித் துறை மீது கோபம் கொண்ட ஒருவர், வரி வாங்கும் இடத்தில் ஏன் ஒரு கம்பெனியை வைத்தார்? புளூட்டோவில் மன்னர் இல்லை, நாடாளுமன்றம் இல்லை, தேர்தல் இல்லை, வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியோ மருத்துவமனையோ நம் கண்ணில் படுவதில்லை. வரி இருக்கிறது, அரசு இல்லை. பூமி வாழத் தகுதியற்றுப் போனபோது மனிதர்களைச் செவ்வாய்க்குக் கொண்டுபோனதும், செவ்வாயைச் சுரண்டித் தீர்த்ததும் புளூட்டோவுக்குக் கொண்டுவந்ததும் கம்பெனிதான். கட்டுப்படியாகாத நாள் வந்தால் இந்தக் கிளையையும் அது மூடிவிடும்; உள்ளே இருப்பவர்களின் கதி அதன் கணக்கில் வராது. போரைவிடப் பொருளாதார பலமே சிக்கனமான ஆயுதம் என்று கலெக்டர் டாக்டரிடம் விளக்குகிறார். மக்கள் அடங்கியிருக்க வேண்டும் என்பதற்காக, அச்சத்தை வளர்க்கும் ஒரு வாயு காற்றோட்டக் குழாய்கள் வழியே அனுப்பப்படுகிறது. இவற்றில் எந்த ஒன்றும் வருமான வரி நோட்டீஸைப் பார்த்து எரிச்சலடைந்த ஒருவருக்குத் தேவையே இல்லாதது. ஆனால் எரிச்சலை ஓர் உலகமாகக் கட்டியெழுப்பத் தொடங்கியதும், அந்த உலகம் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டது.

இதைக் கற்பனையின் எல்லை மீறல் என்றும் சொல்ல முடியாது. வரி வசூலித்த கம்பெனி ஒன்று சரித்திரத்தில் இருந்தது, அதன் தலைமையகம் லண்டனில். கிழக்கிந்தியக் கம்பெனி 1765-இல் வங்காளம், பிகார், ஒரிசாவின் வரி வசூலிக்கும் திவானி உரிமையைப் பெற்றது. பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுக்க வேண்டிய ஒரு வியாபார நிறுவனம், கோடிக்கணக்கான மக்களிடம் வரி கேட்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தது. 1770 பஞ்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதும் வசூல் நிற்கவில்லை. பிறகு அதே கம்பெனி கடனில் மூழ்கி, 1773-இல் பிரிட்டிஷ் அரசிடம் 14 லட்சம் பவுண்டு கடன் வாங்கியது. நம் முன்னோர் கும்பினி என்று அழைத்த அந்த அமைப்பை அறிந்த எவரும், கோர்டோ கட்ட வேண்டிய சாவு வரியைக் கேட்டு வெறுமனே சிரித்துவிட முடியாது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கதை ஒளிபரப்பாவதற்கு முந்தைய ஆண்டில்தான் பிரிட்டிஷ் அரசே சர்வதேச நாணய நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு, அதற்காகச் செலவுகளை வெட்ட ஒப்புக்கொண்டிருந்தது. வரியை வாங்கும் கைக்கு மேலே இன்னொரு கை இருக்கிறது என்பது அன்று அங்கே செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம்.

ஹோம்ஸ் இவற்றை எண்ணித்தான் எழுதினாரா என்று கேட்பீர்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. திரையில் இல்லாததை ஏற்றிச் சொல்வது தவறு; திரையில் இருப்பதை ஆசிரியர் நினைத்திருக்க மாட்டார் என்று தள்ளுவது அதைவிடப் பெரிய தவறு.

கதையில் எனக்குப் பெரும் சங்கடம் தருவது வேறொரு இடம். வரி அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவரோடு இதைப் பார்த்தேன். நடைபாதையின் பெயருக்கும், அதிகாரியை விதவிதமான பட்டங்களால் புகழும் எடுபிடிக்கும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கலகக்காரர்கள் ஹேட்டைக் கூட்டமாகத் தூக்கி மாடியிலிருந்து கீழே எறிந்து ஆரவாரம் செய்யும் காட்சி வந்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது. "கையெழுத்துப் போட்டவனைத்தான் தள்ளுவார்கள், கணக்குப் போட்டவன் நாற்காலியில்தான் இருப்பான்" என்றார். கவனியுங்கள், கலெக்டரை எந்தக் கூட்டமும் தொடுவதில்லை. டாக்டர் கணினியில் 2 சதவீத வளர்ச்சி வரி ஒன்றைப் புகுத்துகிறார். லாபம் சரியச் சரிய, மனிதரே அல்லாத கலெக்டர் தன் இயல்பான உருவத்துக்குச் சுருங்கி நாற்காலிக்குள் போய்விடுகிறார். வரியை வெறுப்பதாகச் சொல்லப்படும் கதையில் வில்லனை வீழ்த்துவது ஒரு வரி! இந்த முரணைப் பார்க்காதவர்கள் இதை வலது, இடது என்று பிரித்து என்ன செய்யப்போகிறார்கள்? மாடியிலிருந்து விழுந்தது மட்டும் நடுவில் நின்ற குமாஸ்தா. ஹோம்ஸின் சொந்தக் கோபம் கதையின் அறிவை மீறிய இடம் அது ஒன்றுதான் என்பேன். நோட்டீஸ் அனுப்பியவரின் முகம் அவருக்கு நினைவிருந்திருக்கும் என்பது என் ஊகம்.

'தி ஹாப்பினஸ் பேட்ரோல்' 1988 நவம்பரில் வந்த கதை. சோகமாக இருந்தால் மரண தண்டனை என்று சட்டம் போடும் ஹெலன் ஏ அதில் ஆட்சி செய்கிறார். உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலின ஈர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்று தடைவிதித்த பிரிட்டிஷ் சட்டத்தின் 28-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் பயணம் செய்யும் நீலப் பெட்டிக்கு ஏன் இளஞ்சிவப்பு வண்ணம் பூசுகிறார்கள் என்று பாருங்கள். கடைசியில் ஹெலன் ஏயின் கணவர் யாரோடு விண்கலம் ஏறிப் போகிறார் என்றும் பாருங்கள். பார்த்தபின் விரிவாக எழுதுங்கள், நீங்கள் எழுதுவதைப் படிக்க எனக்கு ஆசைதான். ஹெலன் ஏ என்பது மார்கரெட் தாட்சர் என்று கண்டுபிடித்துவிட்டதாக மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்.

அன்புடன்