பழைய ஸ்பீக்கரில் பேஸ் மெலிவது ஏன்?

கேள்வி: 1970களின் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றில் உயர் ஒலிகள் காதைக் குத்துகின்றன, பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்திருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். முதலில் ப்ளஸ், மைனஸ் இணைப்புகளைப் பாருங்கள். ஒரு பெட்டியில் மட்டும் அவை மாறியிருந்தால், இரு பெட்டிகளிலும் ஒலியெழுப்பும் கூம்புகள் எதிரெதிராக அசைந்து தாழ்ந்த ஒலிகளை ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடிந்திருந்தால் புதிய வளையம் ஒட்டினால் போதும். நல்ல வூஃபரைத் தூக்கியெறிவது பெரும் வீண். பெட்டிகளைச் சுவருக்கு அருகே நகர்த்தினாலும் பேஸ் கூடும்.

உயர் ஒலிகளின் கடுமைக்கு, அவற்றைத் தரும் ட்வீட்டரின் அளவுக் குமிழ் இருந்தால் அதைக் குறைத்துப் பாருங்கள். ஒலிகளை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் க்ராஸோவர் சுற்றில் உள்ள பழைய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் மதிப்பும் காலப்போக்கில் மாறிவிடும். அவற்றுக்குப் பதிலாக, அச்சிடப்பட்ட மைக்ரோஃபாரட் மதிப்பிலேயே துருவமற்ற (ப்ளஸ், மைனஸ் வேறுபாடு இல்லாத) வகையைப் பொருத்துங்கள். ஃபிலிம் வகையைத் தேர்ந்தால், அதன் உள்தடை குறைவு என்பதால் ட்வீட்டர் முன்னிலும் உரக்க ஒலிக்கக்கூடும்.